மாலை ஆறு முதல் இரவு பத்தரை வரை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொலைக்காட்சித் தொடர்கள் குடும்பங்களைக் கெடுக்கின்றன என்று தங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில் அண்மையில் அடுத்தடுத்துச் சில கடிதங்கள் வெளிவந்தன. எழுதியவர்கள் அனைவரும் ஆண்கள். மாமியாரும் மருமகளும் ஒருவருக்கொருவர் குழி பறிப்பதையே நாள்தோறும் பார்க்கும் பெண்கள் அதையே தங்கள் வீட்டிலும் செய்யத் தொடங்குகிறார்கள் என்பதும், ஆகவே தொடர்களைத் தடை செய்ய வேண்டும் என்பதும் அக்கடிதங்களின் சாரம். பேராவூரணிப் பகுதியில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கேபிள் டிவி இணைப்புத் தொழில் செய்து வருபவன் நான். டிவி பார்க்கும் பழக்கத்தால் வீடுகளில் கேடு விளைகிறது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்; ஆனால் அக்கடிதங்கள் கேட்டைத் தேடிய இடம் சரியில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

ஒரு வீட்டில் எந்தச் சேனல் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பது ஆபரேட்டர்களுக்குத் தெரியாது. நாங்கள் பொருத்தும் செட்டாப் பாக்ஸ் ஒருவழிப் பெட்டி; சிக்னலை வாங்குமே தவிர எதையும் திருப்பி அனுப்பாது. எந்தச் சேனலுக்குப் பணம் கட்டியிருக்கிறார்கள் என்பது மட்டுமே எங்கள் கணக்கில் இருக்கும். ஆனால் லைன் போய்விட்டால் எல்லாம் தெரிந்துவிடும். காலை பத்து மணிக்கு, லைனில் சிக்னலைக் கூட்டித் தரும் ஆம்ப்ளிஃபயர் பழுதானால் மதியம் வரை கேட்க ஆளிருக்காது. அதே பழுது மாலை ஆறரை மணிக்கு நேர்ந்தால் ஐந்து நிமிடத்துக்குள் செல்போன் ஓயாமல் அடிக்கத் தொடங்கும். ஆறு மணி முதல் அழைப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். எட்டு மணிக்கு மேல் செய்தி விவாதத்துக்காக ஆண்களும் சேர்ந்துகொள்வார்கள். கிரிக்கெட் ஆட்டம் நடக்கும் நாளில் ஆண்கள் போன் செய்வதோடு நிற்பதில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு நேரே கன்ட்ரோல் ரூமுக்கே வந்துவிடுவார்கள். அப்போது அவர்கள் பேசும் பேச்சைத் தங்கள் நாளிதழில் அச்சிட முடியாது. பெண்களிடமிருந்து அப்படி ஒரு சொல்லை நான் கேட்டதில்லை.

சென்னையில் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொலைக்காட்சி நிலையம் தொடங்கிய பிறகும் எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்கு அது வந்து சேர வெகுகாலம் ஆயிற்று. வந்தபோதும் ஊராட்சியின் டிவி அறையோடு நின்றது. வெள்ளிக்கிழமை திரைப்பாடல்கள், ஞாயிறு மாலை ஒரு படம் என்று வாரத்தில் இரண்டு பொழுதுகள்தாம் டிவிக்குரியவை. அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல நான் வரவில்லை. அந்த அறைக்குள் யார் உட்காரலாம், யார் வாசலில் நின்று பார்க்க வேண்டும் என்பதில் ஊரின் சாதிக் கணக்கு அப்படியே இருந்தது. நான் சொல்ல வருவது பொழுதுகளைப் பற்றி மட்டும். 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி தொடங்கியது. அதைத் தொடர்ந்து தனியார் சேனல்கள் பெருகின. தொண்ணூறுகளின் இறுதியில் வாரத்துக்கு ஒருநாள் வந்த தொடர்கள் நாள்தோறும் வரத் தொடங்கின. வாரத் தொடரை மக்கள் காத்திருந்து பார்த்தார்கள். நாள்தொடரோ பல் துலக்குவதைப் போல வீட்டின் வழக்கத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

இப்போது மாலை ஆறு மணி முதல் இரவு பத்தரை வரை அரைமணிக்கு ஒன்றாக ஒன்பது தொடர்கள் ஓட இடமிருக்கிறது. இந்த நான்கரை மணி நேரந்தான் பள்ளியிலிருந்து பிள்ளைகளும், வயலிலிருந்தும் கடையிலிருந்தும் அலுவலகத்திலிருந்தும் பெரியவர்களும் வீடு திரும்பி ஒரே கூரையின் கீழ் விழித்திருக்கும் நேரம். பழுது பார்க்கப் போகும் வீடுகளில் நான் காண்பதைச் சொல்கிறேன். இரவுச் சாப்பாடு விளம்பர இடைவேளைக்குத் தகுந்தாற்போலப் பரிமாறப்படுகிறது. சில வீடுகளில் ஒருவர் தொடருக்கு முன்னும் ஒருவர் பின்னுமாகச் சாப்பிட்டு முடிக்கிறார்கள். விருந்தினர் வந்தால் டிவியின் சத்தத்தைக் குறைக்கிறார்கள், அணைப்பதில்லை. வந்தவரும் கொஞ்ச நேரத்தில் பேச்சை விட்டுவிட்டுத் திரையைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார். மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டத்தை மாலையில் வைத்தால் ஆள் சேராது என்று பிற்பகலுக்கு மாற்றிய ஊர்கள் எனக்குத் தெரியும். கூடத்தில் டிவி ஓட, அதே கூடத்தின் மூலையில் தரையில் புத்தகத்தை விரித்துக்கொண்டு குனிந்திருக்கும் பிள்ளையை எந்த ஊரிலும் பார்க்கலாம். படிக்கத் தனி அறை உள்ள வீடுகள் எங்கள் பகுதியில் குறைவு என்பதைத் தொடர்களைக் கண்டித்து எழுதும் நகரத்து நண்பர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

இந்த நேரத்தில் விளம்பரத்தின் பங்கு எவ்வளவு என்பதையும் பார்த்துவிடலாம். 1994-ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகளின்படி ஒரு மணி நேரத்தில் 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது. அதிலும் 2 நிமிடம் சேனலின் சொந்த அறிவிப்புகளுக்கு. விதியை எழுத்துக்கு எழுத்து மதித்தாலே, மாலை முழுவதும் உட்கார்ந்திருப்பவர் 54 நிமிடம் விளம்பரம் பார்க்கிறார். இந்த வரம்பைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்த, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் முனைந்தபோது ஒளிபரப்பு நிறுவனங்கள் 2013-இல் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. வீட்டில் என்ன சோப்பு, என்ன சத்துமாவு, எந்த நகைக்கடை என்ற பிடிவாதங்களில் பெரும்பகுதி இந்த 54 நிமிடத்தில் பிறப்பது. மாமியார் கதாபாத்திரத்தைவிட இது வீட்டுக்குச் செலவு வைக்கிறது.

வீட்டுக்குள் டிவியைப் பற்றி முடிவெடுப்பவர் யார் என்பதை நான் தெளிவாகக் கண்டது 2019 பிப்ரவரியில். டிராயின் புதிய கட்டண முறைப்படி, ஒவ்வொரு வாடிக்கையாளரும் தனக்கு வேண்டிய சேனல்களைத் தானே தேர்ந்தெடுக்க வேண்டும் என்றானது. 100 சேனல்களுக்கு அடிப்படைக் கட்டணம் 130 ரூபாய், வரியோடு 153 ரூபாய் 40 காசு. கட்டணச் சேனல்களுக்குத் தனியே. பெரும்பாலோர் கடைசியில் ஏதோ ஒரு பேக்கேஜை எடுத்துக்கொண்டார்கள் என்றாலும், வீடு வீடாகப் போய் என்னென்ன வேண்டும் என்று கேட்டே ஆக வேண்டியிருந்தது. கேட்டால் பெரும்பாலும் வீட்டு ஆண்தான் பதில் சொன்னார். விளையாட்டுச் சேனலும் செய்திச் சேனலும் முதலில் வந்தன. பிள்ளைகளின் கார்ட்டூன் சேனல் செலவைக் குறைக்கும்போது முதலில் போனது. மாதம் 19 ரூபாய் விலையுள்ள ஒரு சேனலை, “அதுல சீரியலைத் தவிர என்ன இருக்கு, வேண்டாம்” என்று பட்டியலிலிருந்து அடித்துவிட்டவர்களும் உண்டு. நான் வண்டியை எடுக்கும் நேரத்தில் அந்த வீட்டுப் பெண் வேலி ஓரமாக வந்து, “அண்ணே, அந்தச் சேனலையும் சேர்த்து விட்ருங்க, காசு நான் தனியாத் தந்துர்றேன்” என்று சொல்லிவிட்டுப் போவார். இப்படி ஒரு வீட்டில் இல்லை, பல வீடுகளில் நடந்தது. நூறுநாள் வேலைக் கூலியிலிருந்தோ கறவை மாட்டுப் பாலிலிருந்தோ சேர்த்த காசு அது.

அந்த 19 ரூபாயை வீண்செலவு என்று சொல்வதற்கு முன் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். மத்திய அரசின் 2019-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் ஊதியமில்லாத அந்த வேலைக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். தொடர் பார்க்கும் பெண்ணை உற்றுப் பாருங்கள்: கை பூ கட்டிக்கொண்டிருக்கும், கீரை ஆய்ந்துகொண்டிருக்கும், துணி மடித்துக்கொண்டிருக்கும். டிவிக்கு முன்னால் வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பவர் அந்த வீட்டில் வேறொருவர். டீக்கடைக்கோ கோயில் திண்ணைக்கோ போகும் உரிமை அவருக்கு உண்டு. அவர் மனைவிக்குக் கிடைத்த திண்ணை இந்தத் திரை ஒன்றுதான்.

கேபிள் வந்ததால் கிராமத்துப் பெண்களுக்கு என்ன ஆயிற்று என்பதை ஆராய்ந்தவர்களும் இருக்கிறார்கள். ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2001 முதல் 2003 வரை தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்களின் கிராமப்புற வீடுகளில் திரட்டிய விவரங்களை வைத்து எழுதிய ஆய்வு 2009-இல் வெளியானது. புதிதாகக் கேபிள் வந்த ஊர்களில், கணவன் அடிப்பது சரியே என்று சொல்லும் பெண்கள் குறைந்தார்கள். ஆண் குழந்தைதான் வேண்டும் என்ற விருப்பம் குறைந்தது. வீட்டு முடிவுகளில் பெண்களின் பங்கு கூடியது. நான் கம்பம் கம்பமாக ஏறி லைன் இழுத்த காலத்தை ஒட்டித்தான் இந்த ஆய்வும் நடந்திருக்கிறது என்பதால் இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது என்பதை மறைப்பானேன். தன் ஊருக்கு வெளியே பெண்கள் வேலைக்குப் போகிறார்கள், தனியாகப் பயணம் செய்கிறார்கள், எதிர்த்துப் பேசுகிறார்கள் என்பதைத் திரையில் பார்த்ததே இதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. தொடர்கள் பெண்களைக் கெடுத்துவிட்டன என்று எழுதுபவர்கள், கெட்டுப்போனது எது என்பதையும் சேர்த்துச் சொன்னால் நன்றாயிருக்கும்.

அதற்காக இன்றைய தொடர்களுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். தாலி கட்டும் நேரத்தில் நிற்கும் திருமணம், பாலில் கலக்கும் விஷம், ஆள்கடத்தல், இறந்தவர் திரும்பி வருவது என்று ஒரே சரக்கைச் சேனலுக்குச் சேனல் மாற்றி மாற்றி விற்கிறார்கள். வேலைக்குப் போகும் பெண் பாத்திரம் அலுவலகத்தில் ஒரு காகிதத்தைக்கூடப் புரட்டுவதில்லை. கறுத்த நிறமுள்ள பெண்ணின் துயரத்தை விற்கும் கதையில் நடிப்பவருக்கு மை பூசிக் கறுப்பாக்குகிறார்கள். ஏன் இப்படி என்றால் ரேட்டிங் என்பார்கள். அந்த ரேட்டிங் எப்படி வருகிறது என்பதை வாசகர்கள் அறிந்துகொள்வது நல்லது. எந்த நிகழ்ச்சியை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதை 2015 முதல் பார்க் என்ற அமைப்பு கணக்கிடுகிறது. அதன் 2020-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி நாட்டில் டிவி உள்ள வீடுகள் ஏறத்தாழ 21 கோடி. கணக்கெடுக்கும் கருவி பொருத்தப்பட்டவை சுமார் 55,000. அதாவது ஏறத்தாழ 4,000 வீடுகளுக்கு ஒரு கருவி. எந்தெந்த வீடுகள் என்பது இரகசியம். அந்த இரகசியத்தை உடைத்து, அந்த வீடுகளுக்குக் காசு கொடுத்துக் குறிப்பிட்ட சேனல்களைப் பார்க்க வைத்தார்கள் என்று 2020 அக்டோபரில் மும்பை காவல்துறை வழக்குப் பதிந்ததும், செய்திச் சேனல்களின் ரேட்டிங் நிறுத்தப்பட்டு 2022 மார்ச்சில்தான் மீண்டும் வந்ததும் நினைவிருக்கலாம். மக்கள் விரும்புவதைத்தான் தருகிறோம் என்று சேனல்காரர்கள் சொல்லும்போது, அந்த மக்கள் எத்தனை பேர் என்று திருப்பிக் கேட்க வேண்டும். மேலும், டிவி ஓடுகிற வீட்டில் அது விருப்பத்தால் ஓடுகிறதா, அணைக்க யாருக்கும் தோன்றாததால் ஓடுகிறதா என்பதை எந்தக் கருவியும் சொல்லாது.

2006-ஆம் ஆண்டை இங்கே குறிப்பிட வேண்டும். அந்த ஆண்டின் சட்டமன்றத் தேர்தல் வாக்குறுதிப்படி 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி இலவசமாக வழங்கும் திட்டம் தொடங்கியது. 2011-க்குள் ஏறத்தாழ 1.6 கோடி வீடுகளுக்குப் பெட்டிகள் போய்ச் சேர்ந்தன. என் இணைப்புகளின் எண்ணிக்கை பெருகியது அந்த ஆண்டுகளில்தான். கூரை வீட்டுக்காரர், பண்ணையார் வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று பார்க்கும் நிலை அந்தப் பெட்டியால் ஒழிந்தது. அதை இலவசம் என்று ஏளனம் செய்பவர்களுக்கு ஜன்னலுக்கு வெளியே நின்ற அனுபவம் இருந்திராது. ஆனால் அதே 2006-இல் அதே அரசு, அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின் கீழ் ஊராட்சிதோறும் ஒரு நூலகத்தையும் கட்டத் தொடங்கியது. பெட்டிக்குப் பின்னால் கேபிளும் மாதச் சந்தாவும் விளம்பரதாரர்களும் வரிசையாக வந்தார்கள். நூலகத்துக்குப் பின்னால் யாரும் வரவில்லை. குறைந்த மதிப்பூதியத்தில் ஒரு பொறுப்பாளர், சில அலமாரிகள், அவ்வளவுதான். நான் போய்வரும் ஊராட்சிகளில் பல நூலகங்கள் பூட்டியே கிடக்கின்றன. மாலை ஆறு மணிக்குப் பிள்ளையை டிவிக்கு முன்னாலிருந்து எழுப்பி எங்கே அனுப்புவது என்ற கேள்விக்கு ஊரில் ஒரு விடை இருந்தது; அதைப் பூட்டி வைத்துவிட்டுத் தொடர்களைத் திட்டுகிறோம்.

பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கவலைப்படும் பெற்றோர் செய்யும் ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். பொங்கல் முடிந்ததும் எனக்கு வரும் அழைப்புகள் ஒருவகை: “பாப்பா ப்ளஸ் டூ, பரீட்சை முடியிற வரைக்கும் லைனைக் கட் பண்ணிடுங்க.” வருமானம் போனாலும் நான் மகிழ்ச்சியோடு செய்வேன். ஆனால் லைனைக் கட் செய்வதால் யார் தண்டிக்கப்படுகிறார்கள் என்று பார்த்தால், அந்த வீட்டுத் தாயும் பாட்டியுந்தான். அப்பா வெளியே போய்ப் பார்த்துக்கொள்கிறார், அல்லது செல்போனில் பார்க்கிறார். தேர்வு எழுதும் பிள்ளையின் கையிலும் செல்போன் இருக்கிறது; பாடக் குறிப்பு வாட்ஸப்பில் வருகிறது என்ற காரணம் மறுக்க முடியாதது. வீட்டில் எல்லோருக்கும் தெரிய, கூடத்தின் நடுவில், ஒன்பது மணிக்கு அணைக்க முடிகிற ஒரு திரையை வெட்டிவிட்டு, யாருக்கும் தெரியாமல் போர்வைக்குள் ஒளிரும் திரையை விட்டுவைக்கிறோம். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே கூடாது, இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று சொல்லியிருக்கிறது. செல்போனைக் கையில் கொடுக்காமல் சோறூட்டும் வீடுகளை எண்ணிவிடலாம் என்ற நிலையில் இதைப் பற்றி மேலும் எழுத எனக்கு மனமில்லை.

பார்க்கும் நேரத்தைக் குடும்பங்களால் ஒழுங்குபடுத்தவே முடியாது என்பதும் சரியில்லை. 2019 ஆகஸ்டில் தமிழக அரசு கல்வித் தொலைக்காட்சியைத் தொடங்கியபோது எங்கள் பகுதியில் அதன் சேனல் எண்ணைக் கேட்டு அழைத்தவர்கள் மிகக் குறைவு. 2020-இல் பள்ளிகள் மூடப்பட்டு, வகுப்பு வாரியாகப் பாடங்கள் அதில் ஒளிபரப்பானபோது நிலைமை மாறியது. எட்டாம் வகுப்புப் பையனுக்கு இந்த நேரம், பத்தாம் வகுப்புப் பெண்ணுக்கு அந்த நேரம், அது முடிந்த பிறகுதான் பாட்டிக்கு என்று வீட்டுச் சுவரில் அட்டவணை ஒட்டியிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். ரிமோட் யார் கையில் என்ற சண்டைக்கு ஓர் எழுத்துபூர்வமான உடன்பாடு அப்போது பல வீடுகளில் பிறந்தது. பள்ளி திறந்ததும் அட்டவணையைக் கிழித்துவிட்டார்கள்.

ஆண்களின் பங்குக்கு வருகிறேன். இரவு எட்டு, ஒன்பது மணிச் செய்தி விவாதங்கள் பயனுள்ளவை, தொடர்கள் பயனற்றவை என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஆறேழு பேரைக் கட்டங்களுக்குள் உட்கார வைத்து, ஒருவர் பேசும்போது மூவர் கத்த, நெறியாளர் அவர்களுக்கு மேல் கத்த, முடிவில் எந்தத் தகவலும் கூடுதலாகக் கிடைக்காத ஒரு மணி நேரத்துக்கும் தொடருக்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை. தொடரில் பின்னணி இசை கொஞ்சம் கூடுதல். அந்த விவாதத்தின் தொனி மறுநாள் காலை டீக்கடையில் கேட்கிறது. ஊர்ப் பொதுக்குளத்தைத் தூர்வாருவது பற்றிப் பேசினாலும், எதிரே இருப்பவர் எந்தக் கட்சி என்று முடிவு கட்டிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். குறுக்கே பேசுவதையும் குரலை உயர்த்துவதையும் விவாதத் திறமை என்று நினைக்கும் இளைஞர்களைக் கிராமசபைக் கூட்டங்களில் காண்கிறேன். மாமியார் மருமகள் சண்டையால் கெடுவது ஒரு வீடு. இதனால் கெடுவது ஊர்.

முதியவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. எங்கள் பக்கத்தில் சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் பிள்ளைகளை அனுப்பிவிட்டுத் தனியே இருக்கும் பெரியவர்கள் ஏராளம். அவர்கள் வீட்டு டிவி விடிந்ததிலிருந்து உறங்கும் வரை ஓடிக்கொண்டிருக்கும். பாதி நேரம் அவர்கள் திரைக்கு முன்னால்கூட இருப்பதில்லை. வீட்டில் மனிதக் குரல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பதற்காகவே ஓட விடுகிறார்கள். பழுது என்று அழைப்பார்கள். போய்ப் பார்த்தால் ரிமோட்டில் ஒரு பட்டனைத் தெரியாமல் அழுத்தியிருப்பார்கள். ஒரு நிமிட வேலை. ஆனால் கிளம்ப அரைமணி ஆகும். காபி போடுவார்கள், பேரனின் படத்தைக் காட்டுவார்கள். இவர்களுடைய டிவியை அணைக்கச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் பெற்றோருக்குப் பெரிய டிவி வாங்கிக் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று எண்ணும் பிள்ளைகளுக்கும் டிவி துணை போகிறது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

டிவியே இல்லாமல் இருந்தால் குடும்பங்கள் ஒன்றுபட்டுவிடுமா என்றால், அந்தச் சோதனையும் எங்களுக்கு நடந்திருக்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது டெல்டா மாவட்டங்களில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல ஊர்களில் மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று. என் கேபிள் முழுவதும் தென்னை மரங்களுக்கு அடியில் கிடந்தது. அந்த இரவுகளில் மக்கள் வாசலில் உட்கார்ந்து பேசினார்கள் என்பது உண்மை. வளர்த்த தென்னை மொத்தமும் போன துக்கத்தைப் பேசினார்கள். அதை வைத்து டிவி இல்லாத வாழ்க்கையே நல்வாழ்க்கை என்று கதை கட்டுவது, விழுந்த மரங்களுக்குச் செய்யும் அவமதிப்பு. நான் கவனித்தது வேறொன்று. பெண்கள் சிலரிடம், சீரியல் பார்க்க முடியவில்லையே என்று நலம் விசாரிக்கும் பாவனையில் கேட்டேன். தொடரில் என்ன ஆயிற்று என்று யாருக்கும் கவலை இல்லை. “அந்த நேரம் வந்தா உட்காரத் தோணுது, உட்கார்ந்தா என்ன செய்யிறதுன்னு தெரியல” என்றார் ஒருவர். பழக்கத்தின் பிடி கதையில் இல்லை, அந்த நேரத்தில் இருக்கிறது என்று நான் நம்பத் தொடங்கியது அப்போதுதான். லைனைச் சரிசெய்து கொடுத்தபோது, பல மாதங்கள் கழித்தும் கதை புரிந்தது என்று சொன்னதும் அவரே.

தொடர்களைத் தடை செய்யக் கோருவதற்குப் பதிலாக, இருக்கும் சட்டத்தைப் பயன்படுத்தலாம். 1995-ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சிச் சட்டத்தின் கீழ், எதைக் காட்டக் கூடாது என்று சொல்லும் நிகழ்ச்சி நெறிமுறை ஒன்று உண்டு. அதில் ஒரு வேடிக்கை: நெறிமுறைக்குப் புறம்பான நிகழ்ச்சியைக் கேபிளில் ஒளிபரப்பினால் ஆபரேட்டரின் கருவிகளைப் பறிமுதல் செய்யச் சட்டத்தில் இடமிருக்கிறது. நிகழ்ச்சியை எடுத்தவர் எங்கோ இருக்க, ஆம்ப்ளிஃபயரை இழப்பவன் நான். அது போகட்டும். 2021 ஜூனில் கொண்டுவந்த திருத்த விதிகளின்படி, எந்தப் பார்வையாளரும் சேனலுக்கே நேரடியாகப் புகார் எழுதலாம்; 24 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாக அறிவிக்கவும் 15 நாளில் பதில் தரவும் சேனல் கடமைப்பட்டிருக்கிறது; நிறைவில்லை என்றால் சேனல்களின் சுய ஒழுங்கு அமைப்புக்கும், அதற்கும் மேலே அரசின் குழுவுக்கும் போகலாம். பாட்டு, நடனப் போட்டிகளில் சிறுவர் சிறுமியரை வயதுக்கு ஒவ்வாத விதத்தில் காட்டக் கூடாது என்று மத்திய தகவல் ஒலிபரப்புத் துறை 2019 ஜூனில் அறிவுறுத்தியிருக்கிறது. எட்டு வயதுக் குழந்தையைக் காதல் பாட்டுக்கு ஆடவிட்டு, தோற்றதும் அழுகிற முகத்தை நெருக்கத்தில் காட்டும் நிகழ்ச்சிகளைப் பார்த்து வருந்துவோர் பலர். புகார் எழுதலாம் என்பதை அறிந்தவர் சிலர்கூட இல்லை.

தங்கள் நாளிதழிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. தொடர்களைக் கண்டிக்கும் கடிதங்களை ஒரு பக்கத்தில் வெளியிடும் தாங்கள், வாரந்தோறும் இன்னொரு பக்கம் முழுவதையும் தொடர் நடிகர்களின் படங்களுக்கும், அடுத்த வாரம் கதை என்ன ஆகும் என்ற செய்திக்கும் ஒதுக்குகிறீர்கள். அதை நிறுத்தச் சொல்லவில்லை; விற்பனை என்ற ஒன்று எனக்கும் தெரியும். அந்தப் பக்கத்தின் அடியில் ஒரு சிறு கட்டத்தில், ஒவ்வொரு சேனலும் புகார்களுக்கென வெளியிட்டுள்ள முகவரியையும், ஒரு மணி நேரத்துக்கு 12 நிமிடம் என்ற விளம்பர வரம்பையும், 15 நாள் கெடுவையும் வாரந்தோறும் வெளியிடுங்கள். கல்வித் தொலைக்காட்சியின் நிகழ்ச்சி நிரலையும் மற்றச் சேனல்களின் நிரலுக்குப் பக்கத்திலேயே அச்சிடுங்கள். மாலை ஆறு முதல் எட்டு வரை ஊராட்சி நூலகங்களைத் திறந்து வைக்க என்ன செலவாகும், அதை எந்த நிதியிலிருந்து தரலாம் என்று தங்கள் நிருபர்கள் விசாரித்து எழுதினால், தடை கேட்கும் பத்துக் கடிதங்களைவிட அது பயன்படும். புகார் எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்க எங்கள் பகுதி ஆபரேட்டர்கள் சிலர் தயாராக இருக்கிறோம். மாதந்தோறும் வசூலுக்குப் போகும் வீடுகள்தானே.

இப்படிக்கு,
கேபிள் தொழில் செய்யும் வாசகர் ஒருவர்,
பேராவூரணி, தஞ்சாவூர் மாவட்டம்.